கைக்கு வேலை

எங்கள் காலனியில் எனக்குப் பேர் 'கொரங்கு மேஸ்திரி'. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடும். நான் கோபித்துக்கொள்வதில்லை. 2009லிருந்து 2012 வரைக்கும் மூணு வருஷம், வெளிமாநிலத்தில் ஒரு மிருகக்காட்சி சாலையில் தினக்கூலியாக இருந்தேன். சிம்பன்சிகளுக்குக் கூண்டு கழுவினேன், தீனி வைத்தேன். கூடவே இன்னொரு வேலையும் செய்தேன். அந்த இன்னொரு வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுத வைத்தது ஒரு தோழரின் கோபம். 2025 அக்டோபரில் ஜேன் குடால் அம்மையார் 91 வயசில் இறந்துபோனார். ஆப்பிரிக்கக் காட்டில் சிம்பன்சிகளோடு வாழ்ந்து அவற்றைப் பற்றி உலகத்துக்குச் சொன்னவர். அந்த மாதம் பொன்னேரிப் பக்கம் மாணவர்கள் நடத்திய வாசிப்புக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். உழைப்பைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். எனக்குத் தெரிந்த உழைப்பு ரெண்டு. ஏரியில் கை தடவி இறால் பிடிப்பது ஒன்று, சிம்பன்சிக்கு வேலை தேடிக் கொடுப்பது இன்னொன்று. ரெண்டையும் சேர்த்துப் பேசினேன். முடித்ததும் தோழர் ஒருவர் எழுந்தார். "காலம் காலமா நம்மள மிருகம்னு சொன்னான். இப்ப நீயே உங்கப்பனையும் கொரங்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பேசற. இது நியாயமா?" என்று கேட்டார். கூட்டம் அமைதியாகிவிட்டது. எனக்கு அங்கே பதில் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். இது அந்தத் தோழருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

பழவேற்காட்டை அறியாதவர்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவில் பெரிய உப்பங்கழி ஏரி எங்களுடையது. பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. தெற்கு ஓரம் திருவள்ளூர் மாவட்டத்தில். தமிழ்நாட்டுப் பகுதியை 1980ல் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தார்கள். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். மூக்கைத் தண்ணிக்குள் கவிழ்த்து, சேற்றை அலசித் தின்னும். பூநாரை ஏரியில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். எங்கள் நைனா நிற்க முடியாது.

ஏரியில் 'பாடு' என்று ஒரு ஏற்பாடு உண்டு. முகத்துவாரத்துப் பக்கம், இறால் ஓட்டம் அதிகமாக இருக்கிற தண்ணியை இடம் இடமாகப் பிரித்து, சீட்டுப் போட்டு, முறை வைத்து சுத்துவலை கட்டுவார்கள். ஒருத்தன் முறையில் இன்னொருத்தன் நுழைய முடியாது. எல்லாருக்கும் நல்ல இடமும் வரும், மோசமான இடமும் வரும். படித்தவர்கள் இதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். சண்டை வராமல், ஏரியைச் சுரண்டாமல் மீன் பிடிக்கிற முறை என்று. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் சீட்டில் பேர் விழ வேண்டுமென்றால் பாடு வைத்திருக்கிற மீனவச் சாதியில் ஆம்பிளையாகப் பிறந்திருக்க வேண்டும். எங்களுக்கும் இருளர் சனங்களுக்கும் அந்தச் சீட்டு இல்லை. 'படாத பாடு' என்று தமிழில் ஒரு பேச்சு இருக்கிறதே, எங்களுக்கு வாய்த்த பாடு அதுதான்.

எங்களுக்கு ஓரத்துத் தண்ணி. வீச்சு வலை, இல்லையென்றால் வெறும் கை. நைனா கை தடவுகிறவர். இடுப்பளவு தண்ணியில் குந்தி, கழுத்து மட்டும் வெளியே தெரிய, பத்து விரலையும் சேற்றில் பரப்பிக்கொண்டு மெள்ள மெள்ள நகர்வார். பனை ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார். இறால் விரலில் பட்டதும் அமுக்கி எடுத்துப் பறிக்குள் போடுவார். அப்போது கண் தண்ணியைப் பார்க்காது. வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். சின்ன வயசில் ஒருநாள் கேட்டேன், "இன்னா நைனா, மேல பாத்துகினே கீற?" என்று. பறியைக் கையில் எடுத்துவிட்டுச் சொன்னார்: "கண்ணு பாத்துகினு இருந்தா கை குருடாயிடும்டா."

நான் ஆறாவது படிக்கும்போது எங்கள் காலனிக்குக் கடனில் வலை வந்தது. நிஜமான வலை, பெரிய தண்ணியில் கட்டுகிற வலை. பொம்பிளைகள் மஞ்சள் தெளித்துக் கும்பிட்டார்கள். மறுநாள் போன தோணிகள் பெரிய தண்ணியில் மறிக்கப்பட்டன. "வலை குடுத்தவன்கிட்டயே போய்த் தண்ணியும் கேளு" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடிதடி எதுவும் இல்லை. அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. நைனா தம் பங்கு வலையைச் சுருட்டிப் பரண் மேல் போட்டார். வலை பரணில் கிடந்தது, கடன் வருஷக்கணக்கில் எங்களோடு நடந்தது.

எனக்கு விவரம் தெரிந்த பிறகு ஏரி மேலும் சுருங்கியது. முகத்துவாரம் மணல் மூடும், ஆள் வைத்து வெட்டுவார்கள், திரும்ப மூடும். எண்ணூரில் 2001ல் துறைமுகம் வந்தது. பாடு வைத்திருந்தவர்களுக்கே மீன் குறைந்தபோது ஓரத்துத் தண்ணிக்காரன் என்ன ஆவான்? பத்தாவது முடித்து, கூலிக்கு அலைந்து, 2009ல் ஒரு மேஸ்திரி கூப்பிட்டான் என்று ரயில் ஏறினேன். என்ன வேலை என்று கேட்டதற்கு, "ஜூல வேல. கவர்மெண்ட் மாதிரி" என்றான்.

*

அந்த இடத்தின் பேரை நான் எழுதப்போவதில்லை. முதல் நாள் கையில் துடைப்பமும் பினாயில் வாளியும் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் ஊர் கேட்டார், சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். அந்தக் கேள்வி எதற்கு என்று நம்மில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. புலி, யானை, பறவை என்று எந்தப் பிரிவுக்குப் போய்ப் பார்த்தாலும், சாணமும் மலமும் அள்ளுகிற ஆட்கள் எல்லாரும் ஏதோ ஒரு ஊரின் 'அந்தப் பக்கத்து' ஆட்கள்தான். பேச்சு வேறு, மாநிலம் வேறு. பக்கம் மட்டும் ஒன்று.

என்னைச் சிம்பன்சிப் பிரிவில் போட்டார்கள். நாலு உருப்படி. நைனா சின்னப் பையனாக இருந்தபோது மெட்ராஸில் மூர் மார்க்கெட் பக்கத்தில் 'உயிர் காலேஜ்' பார்த்த கதையைச் சொல்லுவார். 1855ல் பால்ஃபர் என்கிற வெள்ளைக்கார டாக்டர் தொடங்கி வைத்தது, பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்கு வந்தது, கடைசியில் 1985ல் வண்டலூர் போய்ச் சேர்ந்தது. நைனா பார்த்தது கம்பியும் சிமெண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சட்டம் வந்திருந்தது. 1992ல் மத்திய உயிர்க்காட்சி சாலை ஆணையம் அமைத்து, இடம் இவ்வளவு வேண்டும், இராத்தங்கல் இப்படி வேண்டும் என்று விதி போட்டார்கள். எங்கள் சிம்பன்சிகளுக்கு அகழி, புல்தரை, மரமேடை எல்லாம் இருந்தன. பின்னால் இராத்தங்கல் அறைகள்.

காலையில் முதல் வேலை தலை எண்ணுவது. எண்ணிக்கை சரியா, முகம் வாடியிருக்கிறதா, மலம் எப்படிப் போயிருக்கிறது, இரவு வைத்ததில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். பிறகு சறுக்குக் கதவைத் தூக்கி அவற்றை வெளியே விட்டு, கதவை இறக்கி, ரெண்டு பூட்டும் பூட்டி, இழுத்துப் பார்த்த பிறகுதான் அறைக்குள் கால் வைக்கலாம். வளர்ந்த சிம்பன்சியோடு ஒரே அறையில் மனிதன் நிற்கக் கூடாது. ஆசையாகக் கையைப் பிடித்தாலே எலும்பு போய்விடும், அவ்வளவு பலம். நமக்கு வரும் சளி, காய்ச்சல், டி.பி. எல்லாம் அதற்கும் வரும். அதனால் ஜலதோஷம் என்றால் எனக்கு முகத்தில் துணி, இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை.

நாலில் ஒன்று ராணி. முப்பது வயசுக்கு மேல் இருக்கும் என்றார்கள். ஏதோ சர்க்கஸில் பாவாடை கட்டி சைக்கிள் ஓட்டியவள். ராணி மற்ற மூணோடு சேரமாட்டாள். சுவரோரம் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டேயிருப்பாள். இடது முழங்கையில் முடியே இல்லை, தானே பிடுங்கிப் பிடுங்கி வழுக்கையாக்கி வைத்திருந்தாள். தின்றதைக் கக்கித் திரும்பத் தின்பாள். பார்க்க வந்தவர்கள் சிரிப்பார்கள்.

இத்தனைக்கும் ராணிக்குத் தீனியில் ஒரு குறையும் இல்லை. வாழைப்பழம், ஆப்பிள், வேகவைத்த முட்டை, வேர்க்கடலை, பால். நான் ஊரில் பார்க்காத சாப்பாடு. "இவ்ளோ துன்னுட்டு இதுக்கு இன்னா நோவு?" என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

ஆறு மாசம் கழித்துப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். தமிழ்நாட்டில் படித்தவர், உடைந்த தமிழ் பேசுவார். நாள் முழுக்க ராணி எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். சாயந்தரம் என்னிடம் கேட்டார், "தம்பி, காலையில வச்ச பழத்தைச் சாப்பிட எத்தனை நிமிஷம் ஆச்சு?" பத்து நிமிஷம் இருக்கும் என்றேன். "காட்டுல இதுங்க பகல்ல பாதி நேரம் சாப்பாடு தேடும். இங்க பத்து நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு. மீதி நேரம் என்ன செய்யும்? வயிறு நெறைஞ்சிருக்கு, கை சும்மா இருக்கு. அதுதான் நோய்."

அப்போதுதான் குடால் அம்மையாரின் கதையைச் சொன்னார். 1960ல், இன்றைய தான்சானியாவில், கோம்பே என்கிற காடு. கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லாத இளம்பெண். ஒரு சிம்பன்சி புல் தண்டைப் பிடுங்கி, கறையான் புற்றின் ஓட்டைக்குள் விட்டு, அதில் கடித்துத் தொங்கும் கறையான்களை உருவித் தின்பதைப் பார்த்தார். இலையைக் கிள்ளிக் குச்சியைத் தயார் செய்வதையும் பார்த்தார். கருவி செய்கிறவன் மனிதன் ஒருவன்தான் என்று அதுவரை எழுதி வைத்திருந்தார்கள். அந்த வரியை அடிக்க வேண்டியதாயிற்று. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஈசல் ஞாபகம் வந்தது. மழை நின்ற ராத்திரி புற்றண்டை விளக்கு வைத்து ஈசல் பிடித்து, வறுத்து, பொரியோடு தின்கிறவர்கள் நாங்கள். பள்ளிக்கூடத்தில் அதற்காக என்னைக் கிண்டல் செய்திருக்கிறார்கள்.

ஃபைலில் அந்த வேலைக்கு 'என்ரிச்மெண்ட்' என்று பேர் எழுதுவார்கள். வாயில் நுழையாததால் நாங்கள் 'கைவேலை' என்றோம். ராணிக்கும் மற்ற மூணுக்கும் தினம் கைவேலை கொடுப்பது என் பொறுப்பாயிற்று. மூங்கில் குழாயில் ஓட்டை போட்டு உள்ளே தேன் தடவிக் கட்டித் தொங்கவிடுவேன், பக்கத்தில் குச்சிகளைப் போட்டுவிடுவேன். சிமெண்டில் ஒரு புற்று கட்டினோம், அதன் பொந்துகளில் கேழ்வரகுக் கூழ். வேர்க்கடலையைக் கிண்ணத்தில் வைக்காமல் வைக்கோலில் இறைப்பேன், பொறுக்கித் தின்னட்டும் என்று. வெயில் காலத்தில் பழத்துண்டுகளைத் தண்ணியோடு உறையவைத்த ஐஸ் பாறை. ஆலங்கொப்பு, அத்திக்கொப்பு வெட்டிப் போடுவேன், இலையைத் தின்று பட்டையை உரிக்க. சிம்பன்சி தினம் ராத்திரி புதுக் கூடு கட்டிப் படுக்கிற ஜாதி. அதனால் சாயந்தரம் கோணிப்பையும் வைக்கோலும். பழைய தீயணைப்புக் குழாயைக் கீறி ஊஞ்சல் பின்னியது நான். வலை முடிச்சு தெரிந்தவன் அங்கே நான் ஒருத்தன்தான். விரலோ கழுத்தோ மாட்டாத அளவுக்குக் கண்ணி விட வேண்டும். ஒவ்வொரு முடிச்சையும் டாக்டரம்மா இழுத்துப் பார்ப்பார்.

இதில் ஒரு சங்கதி உண்டு. திங்கட்கிழமை வைத்ததை வியாழக்கிழமையும் வைத்தால் அவை சீந்தாது. இன்றைக்கு என்ன கிடைக்கும், எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் இருக்க வேண்டும். இன்னொன்று, வேண்டாமென்றால் விட்டுப் போகிற உரிமையும் அதற்கு இருக்க வேண்டும். டாக்டரம்மா வந்த பிறகு பகலில் இராத்தங்கல் கதவைத் திறந்தே வைத்தோம். கூட்டம் பிடிக்கவில்லையென்றால் உள்ளே போய்விடலாம். காசு கொடுத்து வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் கதவு திறந்திருந்த பிறகு, அவை வெளியே இருந்த நேரம்தான் கூடியது.

மற்ற மூணும் தேன் குழாயை அன்றைக்கே பிடித்துக்கொண்டன. ராணி பதினோரு நாள் எதையும் தொடவில்லை. சைக்கிள் ஓட்டியதற்கு அடி வாங்கிய கை. யாரோ ஒன்றை வைத்தால் 'செய்' என்று கட்டளை வரும் என்று பயம் போல. பன்னிரண்டாம் நாள் எனக்கு ஒன்று தோன்றியது. வாயகன்ற தொட்டியில் தண்ணி விட்டு, மண்ணையும் வைக்கோலையும் போட்டுக் கலக்கி, அடியில் பேரீச்சம்பழங்களைப் போட்டு, சுவரோரம் அவள் உட்காருகிற இடத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ரொம்ப நேரம் ஆடிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு கையைத் தொட்டிக்குள் விட்டாள். துழாவினாள். ஆட்டம் நின்றது. ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து வாயில் போட்டுக்கொண்டு திரும்பவும் கையை விட்டாள். அப்போது அவள் தொட்டியைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். நைனாவின் முகம் அது. அடுத்த நிமிஷமே எனக்கு வெட்கமாகிப்போனது. பெத்த அப்பனைக் குரங்கில் பார்த்துவிட்டேனே என்று. இதை நான் ஊருக்குப் போய் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில்தான் முதல் தடவையாகச் சொன்னேன். தோழரின் கேள்வி அதனால்தான் நேராக நெஞ்சில் விழுந்தது.

*

அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். ஓட்டா பெங்கா என்று ஒருவர் இருந்தார். காங்கோ காட்டின் குள்ள இன மனிதர். 1906 செப்டம்பரில் நியூயார்க்கின் பிராங்ஸ் மிருகக்காட்சி சாலையில், குரங்குகளின் கட்டிடத்தில், ஓர் ஒராங்குட்டானோடு அவரைக் காட்சிக்கு வைத்தார்கள். கூட்டம் ஆயிரக்கணக்கில் வந்து சிரித்தது. கறுப்பினப் பாதிரிமார்கள் போய்ச் சண்டை போட்ட பிறகுதான் வெளியே விட்டார்கள். பத்து வருஷம் கழித்து, 1916ல், அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு செத்தார். அந்தக் காட்சி சாலையை நடத்துகிற அமைப்பு 2020ல்தான் மன்னிப்புக் கேட்டது.

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் டச்சுக் கல்லறையைப் போட்டோ பிடிக்கிறார்கள். 1613ல் கெல்டிரியா கோட்டை கட்டிய அந்த டச்சுக்காரர்கள் எங்கள் கரையிலிருந்து ஏற்றியது துணி மட்டும் இல்லை. பஞ்சத்தில் விற்கப்பட்ட மனிதர்களையும் அடிமைகளாகப் பட்டாவியாவுக்கு ஏற்றினார்கள். அவர்களுக்குக் கல்லறை கிடையாது. கணக்கில் தலை எண்ணிக்கைதான் இருக்கும்.

ஆக, மனிதனை மிருகத்தோடு சேர்த்து வைத்தவன் யார் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பாதிரிமார்களைப் போலத் தோழரும் கோபப்பட்டது சரி. நைனா மனிதர். ராணி சிம்பன்சி. ஒருத்தருக்கு ஒருத்தர் உவமை இல்லை. ஆனால் கட்டிப்போடுகிறவனின் கணக்கு ஒன்று இருக்கிறது. 'தீனி போட்டாச்சு, இன்னும் என்ன வேணும்?' என்பது அந்தக் கணக்கு. சர்க்கஸ்காரன் ராணிக்கு அந்தக் கணக்கைத்தான் போட்டான். எங்களுக்கும் அதே கணக்குத்தான் போடப்படுகிறது. ராணி விஷயத்தில் அந்தக் கணக்கு தப்பு என்று நிரூபணமானதை நான் கண்ணால் பார்த்தவன். அதைத்தான் கூட்டத்தில் சொல்ல நினைத்தேன், சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு ராணி மேல் பொறாமை இருந்தது. ராணிக்கு ஒரு ஃபைல் உண்டு. எது பிடிக்கும், எதற்குப் பயம், யாரோடு சேரும், நேற்று எத்தனை நிமிஷம் ஆடியது, இன்றைக்கு எத்தனை நிமிஷம் என்று எல்லாம் அதில் இருக்கும். எழுதுகிறவன் நான். எனக்கு மஸ்டர் ரோலில் ஒரு வரி. தொட்டி வைத்த விஷயம் பெரிய அதிகாரிகள் காது வரைக்கும் போய், பார்க்க வந்தார்கள். டாக்டரம்மா என்னைக் காட்டி, "இவர் யோசனை" என்றார். போட்டோ எடுக்கும்போது சூப்பர்வைசர் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். அன்றைக்கும் ஆபீஸ் டீயை நான் வெளியே ஜன்னல் மேல் கவிழ்த்து வைத்திருக்கிற டம்ளரில்தான் குடித்தேன். 2012ல் காண்ட்ராக்டர் மாறினான். பழைய ஆட்கள் வேண்டாம் என்றான். ராணியிடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரம் கொடுக்கவில்லை.

பிறகு 2015ல் லைபீரியா செய்தியைப் படித்தபோது அந்தப் பொறாமை கொஞ்சம் ஆறியது. மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற அந்த நாட்டில், நியூயார்க் ரத்த மையம் என்கிற அமெரிக்க நிறுவனம் சிம்பன்சிகளை வைத்து மருந்து ஆராய்ச்சி நடத்தியது. ஆராய்ச்சி முடிந்ததும் அவற்றை ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் ஆறு தீவுகளில் விட்டார்கள். தீவில் போதுமான தீனி இல்லை, குடிக்க நல்ல தண்ணியும் இல்லை. தோணியில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உயிர் தங்கும். 2015ல் அந்த நிறுவனம் இனிப் பணம் தரமாட்டோம் என்று கையை விரித்தது. தீவுகளில் அறுபதுக்கு மேற்பட்ட சிம்பன்சிகள். நாடு எபோலாவில் செத்துக்கொண்டிருந்த சமயம். அப்போதும் அங்கே முன்பு வேலை பார்த்த உள்ளூர் ஆட்கள், சம்பளம் இல்லாமல், கிடைத்ததைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உலகத்துக்குச் செய்தி தெரிந்து, கண்டனம் எழுந்து, விலங்கு நல அமைப்புகள் வந்தன. 2017ல் அந்த நிறுவனம் 60 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. நான் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இடுப்பளவு முகத்துவாரத் தண்ணி, ஒரு தோணி, பழத்தை நீட்டுகிற ஒரு கறுத்த கை. அந்தத் தண்ணி எனக்குத் தெரியும். அந்தக் கையும் தெரியும்.

நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. 2019ல் கொல்கத்தாவில் ஒரு கடத்தல் வழக்கில் அமலாக்கத் துறை மூணு சிம்பன்சிகளை முடக்கியது. சொத்துக் கணக்கில், வீடு நகை மாதிரி. அவை அலிப்பூர் காட்சி சாலையில் இருந்தன. பட்டாவியா போன கப்பலின் கணக்குப் புத்தகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

*

2012ல் ஊருக்கு வந்தபோது நைனா கயிற்றுக் கட்டிலில் இருந்தார். முட்டி போய்விட்டது. தண்ணியில் குந்த முடியாது. இறால் முள் குத்திக் குத்தி விரல் எல்லாம் வீங்கிக் கிடந்தன. ரேஷனில் 2011லிருந்து அரிசி இலவசம். அந்த அரிசியை நான் குறை சொல்லமாட்டேன். பசியில் படுத்த வீட்டில் பிறந்தவன் அரிசியைக் குறை சொல்லமாட்டான். நைனா நேரத்துக்குச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பார். ரெண்டு கையும் பாயைத் தடவிக்கொண்டேயிருக்கும்.

"வயசாச்சுல்ல, அப்டித்தான்" என்றாள் அம்மா. எனக்கு அது வயசு இல்லை என்று தெரியும்.

பரண் மேல் ஏறினேன். அந்தக் கடன் வலை, எலி கடித்து, குளவி கூடு கட்டி, அப்படியே கிடந்தது. இறக்கிக் கழுவிக் காயவைத்துக் கட்டிலண்டை போட்டேன். கூடவே நூலும் வலை ஊசியும். ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டு நாள் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார். மூணாம் நாள் காலையில் நான் எழுந்து பார்த்தபோது வலை அவர் மடியில் இருந்தது. விரல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது, முகம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்டம் இல்லை.

"இன்னா நைனா?" என்றேன்.

"இந்த நூலு இன்னா வெல?" என்றார்.

சேதி பரவியதும் மற்றவர்களும் கிழிந்த வலைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெரிய தண்ணிக்காரர்கள்கூட. அவர் முடிந்து கொடுத்த வலைகள் அவர் போக முடியாத தண்ணிக்குப் போய்வந்தன. கூலி வாங்கி வெற்றிலை போட்டார், எங்களைத் திட்டினார், ஒருநாள் நான் ராணி கதையைச் சொன்னேன். தொட்டியைப் பற்றி மட்டும் சொன்னேன், முகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் முடிச்சுப் போட்டார். பிறகு, "கொரங்குக்கு வேல வேணும்னு கண்டுபுடிச்சவன் நம்ம ஏரிக்கு வரமாட்டானா?" என்று கேட்டார். 2018ல் போய்ச் சேர்ந்தார்.

தோழரே, நைனாவுக்கு நான் செய்தது சின்ன விஷயம். கட்டிலில் இருக்கிறவருக்கு ஊசி நூல் கொடுத்தேன், அவ்வளவுதான். ராணிக்குத் தொட்டி வைத்ததும் அப்படித்தான், அவள் காடு திரும்பி வரவில்லை. நாம் கேட்க வேண்டியது தொட்டியும் ஊசி நூலும் இல்லை என்று எனக்குத் தெரியும். சரணாலயம் என்று போர்டு வைத்த ஏரியில், சீட்டுப் போடுகிற இடத்தில், எங்கள் சனத்தின் பேரும் இருளர் சனத்தின் பேரும் வர வேண்டும். பொம்பிளைகளின் பேரும் வர வேண்டும். இதைக் கேட்க நான் மிருகக்காட்சி சாலை வழியாகச் சுற்றி வர வேண்டியிருந்தது. வேறு வழியில் எனக்குப் படிப்புக் கிடைக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், வருகிறேன். நைனாவின் கடன் வலை வீட்டில்தான் இருக்கிறது. ஒரு கண்ணிகூடக் கிழிசல் இல்லாமல் முடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எடுத்துவருகிறேன், எல்லாரும் பிரித்துப் பார்க்கலாம். அது இன்னும் பெரிய தண்ணியில் நனையவில்லை.